நூற்றுப் பதின்மூன்றாவது எழுத்து

ஏளூர்க்கோட்டை என்கிற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைச் சென்னையில் ஒரு கம்பெனி புதுசாகச் செய்து வெளியிடப் போகிறது என்று பேப்பரில் வந்த மறுநாள், காலை பதினொரு மணி மினி பஸ்ஸில், அந்த விளையாட்டுக்குள் இத்தனை வருஷமாகக் குடியிருந்த நாற்பத்து மூன்று பேரும் சங்கரநத்தம் நிறுத்தத்தில் வந்து இறங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் மாதிரியும் கிட்டே போய்ப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகவும் இருந்தார்கள். மூக்குக்கு ஒரு கட்டம், கண்ணுக்கு ரெண்டு கட்டம், மீசை இருந்தவர்களுக்கு மீசைக்கு ஐந்து கட்டம். டீக்கடை சுடலைமுத்து, "யார் வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று கேட்டார். முதலில் இறங்கிய பெண் இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டு, "கிணத்துத் தண்ணி குளுகுளுன்னு இருக்கும்," என்றாள். விளையாட்டில் அவளுக்கு அந்த ஒரு வசனம்தான். "அப்பச் சரி," என்று அவர் பாய்லரில் இன்னும் நாலு செம்பு தண்ணீர் ஊற்றினார்.

இது எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தலையாரி பரமசிவம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் விளக்கி முடித்துவிட்டார். "வீட்ட இடிச்சிக் கட்டும்போது, கட்டி முடியுத வரைக்கும் பக்கத்துல எங்கயாவது போயி இருக்கமாட்டமா? அதே கததான். அவங்க வீட்ட மெட்ராஸ்காரன் இடிச்சிட்டான். கட்டி முடிச்சதும் கூட்டிக்கிடுவான்." நாற்பத்து மூன்று பேருக்கும் வீடு வீடாக இடம் ஆனது. சின்ன வயசில் அந்த விளையாட்டை விளையாடி வளர்ந்தவர்கள், எனக்குக் கொல்லன்தான் வேணும், எனக்கு அந்தக் குறி சொல்லுதவதான் வேணும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் ரேகைக்குப் பதிலாகச் சதுரம் விழுந்தது. சதுரமும் ஒரு ரேகைதானே என்று கடைக்காரர் அரிசி போட்டார். அவர்களுக்கு நேர்நேராக நடக்கத்தான் வரும், குறுக்கே வராது. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் யாரும் விலக மாட்டார்கள், சாயங்காலம் வரை நிற்பார்கள். தண்ணீருக்குப் போகிற பெண்கள் போகிற போக்கில் ஒருத்தரைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். ரெண்டு வசனம், மூன்று வசனத்துக்கு மேல் பேசவும் வராது. அதை ஒரு குறையாக ஊரில் யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் சங்கரநத்தத்தில் பேசியதையே திரும்பப் பேசாத ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த விளையாட்டு பிறந்ததே சங்கரநத்தத்தில்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தபால் ஆபீஸ் மாடியில் அருமை கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய அருமைநாயகம் அதைச் செய்தார். ஏழு ஊர் நடந்து, ஆளாளுக்குப் பேசி, தொலைந்த கோட்டைச் சாவியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை, ஆனால் சிடி சிடியாகக் கைமாறி நாலு ஜில்லாவுக்குப் போனது. படங்களைத் தீப்பெட்டி லேபிள் வரைகிற வெள்ளைப்பாண்டி கட்டம் போட்ட தாளில் வரைந்தார். வழிப்போக்கர்களுக்குப் படுக்க இடம் கொடுக்கிற சத்திரக்காரருக்கு முகம் அகப்படாமல் அருமைநாயகத்தையே ஸ்டூலில் உட்கார வைத்து வரைந்ததால், அந்தச் சத்திரக்காரருக்கும் அவரைப் போலவே இடது தோள் ஒரு கட்டம் தூக்கலாக இருக்கும். வசனம் எழுதி, எழுதியதை மிஷினில் தட்டியும் கொடுத்தது அருமைநாயகத்தின் மனைவி குழல்வாய்மொழி.

அது குற்றாலத்து அம்மன் பெயர். ஒரே பெயரில் ரெண்டு ழ. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்கிற நாக்கு ஊரில் அவளுடையது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அவள் குளலக்கா, மொளியக்கா, மொளி மைனி. கூப்பிட்டவர்களை எல்லாம் அவள் நிறுத்தி, "மொழி. நாக்கை மடிங்க," என்று திருத்திவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை அவளுக்கு. சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் பென்சிலுக்குக் கீழே போய்த்தான் வெளியே வரும், அதில் ஒரு "நிகளும்" தப்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்டவள் தன் கையாலேயே தட்டிய விளையாட்டில் ஒரு ழ கூட இல்லாமல் போனதுதான் அவள் வாழ்க்கையின் பெரிய மனத்தாங்கல். எழுத்துகளை வரைந்து வைக்க அந்தக் காலத்து மிஷினில் நூற்றுப் பன்னிரண்டு இடம்தான் இருந்தது. எல்லாம் வரைந்து முடிந்தபின் நூற்றுப் பதின்மூன்றாவதாக ழ நின்றது. அருமைநாயகம் தோளைத் தூக்கிக்கொண்டு, "இத நம்ம ஊர்ல யாரு சொல்லுதா, நீ ஒருத்தியத் தவிர? ள போட்டுக்க மொளி," என்றார். அவள் ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, ழ வர வேண்டிய நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் ள என்று தட்டினாள். வழி வளி ஆனது, மழை மளை ஆனது, ஏழூர் ஏளூர் ஆனது. ஒவ்வொன்றைத் தட்டும்போதும் செருப்பில் கல் ஏறிய மாதிரி இருந்தது அவளுக்கு. அதனால்தான் ஆறு வருஷம் முன்பு அருமைநாயகம் போய்ச் சேர்ந்து, அதற்கப்புறம் சென்னைக் கம்பெனியிலிருந்து ஹரிணி என்கிற பெண் போன் பண்ணி, "புது கேமுக்கு நீங்களே ப்ரூஃப் பாத்துத் தரணும் மேடம்," என்று கேட்டபோது, வேறு எதையும் கேட்காமல் சரி என்றாள்.

வந்தவர்களைப் பற்றி ரெண்டாம் நாளே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் இல்லாத எழுத்து, இந்த ஊரிலும் அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் இல்லை. "வாழைப்பழம்" என்று பலகை மாட்டிய தள்ளுவண்டியைப் பார்க்காமல் முட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரி செல்லக்கிளி, "வாளப்பளம், வாளப்பளம்," என்று கூவியதும் தார் தாராகப் பழம் அவர்கள் கண்ணுக்கு வந்தது. ஊரே கொளாய் என்றதால் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஊரே மளை என்றதால் மழையில் நனைந்தார்கள். மற்ற ஊராக இருந்தால் என்ன ஆகியிருப்பார்களோ, சங்கரநத்தத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வீட்டைத் தவிர.

அந்த வீட்டுக்குத்தான் சத்திரக்காரர் போனார். யாரும் கூட்டிப் போகவில்லை. நிறுத்தத்தில் இறங்கி, நேர் மேற்கே போய், நேர் வடக்கே திரும்பி, குழல்வாய்மொழி வீட்டு வாசலில் நின்றார். அவள் கதவைத் திறந்ததும், "வாங்க. படுக்க இடம் இருக்கு," என்று அவள் வீட்டுக்கு அவளையே அழைத்தார். அவள் அந்த இடது தோளைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

அவர் தன் புருஷன் இல்லை என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. புருஷன் சளசளவென்று பேசுவார், வெற்றிலை போடுவார், கோபம் வந்தால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார். இவருக்கு வசனமே மூன்று. காலையில் அவளைப் பார்த்ததும் முதல் வசனம். அடுத்து, "உங்க பேரு?" என்பார். வழிப்போக்கர் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரையும் சேர்த்து மூன்றாவது வசனம் சொல்ல வேண்டும், விளையாட்டில் அப்படித்தான். அவள் ஒவ்வொரு நாளும், "குழல்வாய்மொழி," என்பாள். அவர் காதில் ஒன்றும் விழாது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "உங்க பேரு?" என்று மறுபடி கேட்பார். அவள் மறுபடி சொல்வாள், நாக்கை நன்றாக மடித்து, பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய அதே சுத்தத்தோடு. அவர் காத்திருப்பார். அப்புறம் அவள் அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைப்பாண்டி வந்தவர், சத்திரக்காரர் வெறும் சோற்றை அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் சட்டி நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது.

"என்ன தங்கச்சி, மனுசன் வெறுஞ்சோறு திங்காரு?"

"குழம்பு ஊத்தட்டுமான்னு தினமும் கேக்கேன் அண்ணாச்சி. சட்டியவே பாக்க மாட்டேங்காரு."

"அவருக்கு எப்படித் தெரியும்? கொளம்புன்னு சொல்லு."

குழல்வாய்மொழி வாயைத் திறந்தாள். "குழம்பு," என்றாள்.

வெள்ளைப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு, "யய்யா, கொளம்பு," என்றார். சத்திரக்காரரின் ரெண்டு கட்டக் கண்ணும் சட்டியின் பக்கம் திரும்பியது. அன்றைக்கு அவர் நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் மத்தியானத்தில் வெள்ளைப்பாண்டியோ பக்கத்து வீட்டுக்காரியோ வந்து வாசலில் நின்று, கொளம்பு என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் மழைக்கு யாரும் வந்து குரல் கொடுக்க முடியாது. அவள் வீட்டு முற்றத்தில் மட்டும் மழை அவரை நனைக்காமல் இறங்கிப் போனது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திமிர் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். திமிர் இல்லை. அருமைநாயகத்துக்கு நெஞ்சைப் பிடித்த அன்றைக்கு அவர் உள்ளே இருந்து, "மொளி," என்று கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து அவள் பழக்க தோஷத்தில், "மொழி," என்று திருத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவரிடம் கடைசியாகச் சொன்ன சொல் ஒரு திருத்தம். இப்போது போய் ள என்று சொன்னால், அன்றைக்கும் திருத்தாமல் போயிருக்கலாமே என்று ஆகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது. நினைத்து நினைத்து அவள் சத்திரக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து அழுவாள். அழுகையிலும் அந்த எழுத்துத்தான் இருக்கிறது என்பதால் அவருக்கு அதுவும் தெரியாது. அவர் காத்திருந்துவிட்டு, "உங்க பேரு?" என்பார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. புது விளையாட்டின் வசனங்கள் கம்பெனியிலிருந்து வந்தன. குழல்வாய்மொழி நானூற்றுப் பன்னிரண்டு ள-வையும் ஒன்று விடாமல் ழ ஆக்கி அனுப்பினாள், இருபத்தாறு வருஷத்துக் கல்லைச் செருப்பிலிருந்து தட்டிவிட்ட நிம்மதியோடு. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை 'ஏழூர்க்கோட்டை' வெளியானது. அன்று காலை பதினொரு மணிக்கு மினி பஸ் வந்தது. நெற்றிப் பலகையில் ஏழூர்க்கோட்டை என்று எழுதியிருந்தது. ஊரே நிறுத்தத்துக்கு வந்து, நாற்பத்து மூன்று பேருக்கும் கட்டுச்சோறும் சேவும் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி நிறுத்தியிருந்தது. நாற்பத்து மூன்று பேரும் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்தார்கள், பஸ் நின்ற இடத்தையும் சாலையாகத்தான் பார்த்தார்கள். பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் பஸ் போய்விட்டது. மறுநாளும் வந்தது, நின்றது, போனது.

ரெண்டாவது வாரம் ஹரிணி போன் பண்ணினாள். "மலை எல்லாம் அவ்ளோ அழகா வந்திருக்கு மேடம். மழையில ஒவ்வொரு சொட்டும் தனித்தனியா விழுது. ஒரு எழுத்துப்பிழை இல்ல. ஆனா யாரும் அரை மணி நேரத்துக்கு மேல விளையாட மாட்டேங்கறாங்க. சத்திரத்துக்குள்ள போனா யாருமே இல்லாத மாதிரி இருக்குன்னு எழுதறாங்க. ஆள் நிக்கறார் மேடம், தாடி மீசையோட நிக்கறார், பேசறார். ஆனாலும் யாரும் இல்லைங்கறாங்க." சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் அழுதுவிட்டாள். மூன்று வருஷ உழைப்பு அவளுக்கு.

அதே வாரம்தான் கட்டங்கள் உதிர ஆரம்பித்தன. காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சதுரங்களைக் கண்டார்கள். ஒருத்தியின் வளையல், ஒருத்தரின் குதிகால், கொல்லனின் சுத்தியல் முனை. பெருக்கித் தள்ள மனசு வராமல் காலித் தீப்பெட்டியில் போட்டு, யாருடையது என்று மேலே எழுதி, மாடத்தில் வைத்தார்கள். வெள்ளைப்பாண்டி லேபிள் ஒட்டுகிற பசையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. பழைய வீடு இடிந்துபோனது, புது வீட்டில் ஏறவில்லை, எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியாக இருந்து ஒரு மனுஷன் உருப்படியாக இருப்பான் என்று பரமசிவம் இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். குடத்துக்காரி புதன்கிழமை முழுதாக உதிர்ந்தாள். அவளுக்கு ஏழு தீப்பெட்டி ஆனது. சுடலைமுத்து அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

வியாழக்கிழமை சத்திரக்காரரின் இடது தோளில் தூக்கலாக இருந்த அந்த ஒரு கட்டம் குழல்வாய்மொழியின் வாசற்படியில் கிடந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெள்ளைப்பாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

"இது ஒட்டாது தங்கச்சி," என்றார் அவர். "பஸ் தினமும் வருது. இவங்களுக்குத் தெரியல. ஏன் தெரியல? போர்டைத் திருத்துனது யாரு?"

அவள் உள்ளங்கையில் இருந்த கட்டத்தை மூடிக்கொண்டாள்.

"தப்புத்தான், தப்பாத்தான் எளுதுனோம். ஆனா அவங்க அதுலதான குடியிருந்தாங்க."

அவள் அங்கேயே அவர் வரைகிற மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். சத்திரக்காரர் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் அவள் பெயரைக் கேட்க ஒரு ஆள் இருந்தது. காது கேட்காவிட்டால் என்ன, தினமும் கேட்டது. பஸ் ஏறினால் போய்விடுவார், ஏறாவிட்டால் தீப்பெட்டிக்குள் போய்விடுவார். ரொம்ப நேரம் கழித்து அவள் ஹரிணிக்குப் போன் போட்டாள்.

"அத்தனை ழ-வையும் பழையபடி ள ஆக்கணும்."

"மேடம், அது பிழைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பிழைதான். இருக்கட்டும்."

"எல்லாரும் சிரிப்பாங்களே மேடம்."

"சிரிக்கட்டும்மா. இப்ப என்ன, அழுதுக்கிட்டுத்தான இருக்கே."

ஒரே தட்டில் மாற்ற மிஷினில் வசதி இருக்கிறது என்று ஹரிணி சொன்னாள். குழல்வாய்மொழி ஒத்துக்கொள்ளவில்லை. அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு, நாலு நாள் உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கெடுத்தாள். தலைப்பையும் கெடுத்தாள். நாலு நாளில் எதிரே உட்கார்ந்திருந்த சத்திரக்காரருக்கு ஒரு காதும் மீசையில் ரெண்டு கட்டமும் போயிருந்தன.

அந்த விளையாட்டு எப்படி ஜெயித்தது என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தம் வெளியான ராத்திரி சோறு தண்ணீர் மறந்து விளையாடினார்கள் என்றும், ளகரப் பிழையை முதலில் கேலி செய்தவர்களே மளை பெய்கிற இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள் என்றும், கிணற்றடிக்குப் போனால் தண்ணீர் குளுகுளுவென்று தெரிந்ததாகவும், பக்கத்தில் தீப்பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொல்லன் நின்றதாகவும் எழுதினார்கள். மலையைப் பற்றி யாரும் எழுதவில்லை. சத்திரத்தில் ஆள் இருக்கிறது என்று எழுதினார்கள். பழசைப் புதுசாக்குவதன் ரகசியம் என்ன என்று கேட்டவர்களிடம் ஹரிணி பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லிவைத்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், திருத்தம் வெளியான அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு மினி பஸ் வந்து நின்றது. நெற்றியில் ஏளூர்க்கோட்டை என்று இருந்தது. நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். நேராகப் போய், நேராகத் திரும்பி, ஒவ்வொருவராக ஏறினார்கள். ஊர்க்காரர்கள் அவரவர் தீப்பெட்டிகளை அவரவர் கையில் கொடுத்தார்கள், குடத்துக்காரியின் ஏழு பெட்டிகளைச் சுடலைமுத்து கொல்லனிடம் கொடுத்து, "உளுந்திராமப் பாத்துக்கிடும்," என்றார்.

சத்திரக்காரர் கடைசியில் நின்றார். படியில் காலை வைக்கப் போனவர், பக்கத்தில் குழல்வாய்மொழியைப் பார்த்ததும் வழக்கம்போல நின்று, "வாங்க. படுக்க இடம் இருக்கு," என்றார். பிறகு, "உங்க பேரு?" என்றார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. அவள் நாக்கு மேலே மடியப் போனது. அவள் அதைக் கீழே இறக்கினாள்.

"மொளி," என்றாள்.

சத்திரக்காரரின் ரெண்டு கட்டக் கண்ணும் அவள் முகத்தில் வந்து நின்றது. அங்கே என்ன இருக்கிறது என்று முதல் தடவையாகப் பார்த்தார்.

"மொளி," என்றார் அவர். "வளி தூரம். பாத்துப் போங்க."

அவள் தோள் கட்டம் இருந்த தீப்பெட்டியை அவர் கையில் வைத்தாள். அவர் ஏறிக்கொண்டார், கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போனது. ஊர்க்காரர்கள் ரெண்டு ரெண்டு பேராகப் பேசிக்கொண்டு கலைந்தார்கள், சுடலைமுத்து பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். மொளி வீட்டுக்கு நடந்தாள். மேற்கே போய் வடக்கே திரும்ப வேண்டிய அந்த நாலு எட்டு வளி, தூரமாகத்தான் இருந்தது.